குறைக்கிறதுக்குன்னு வச்ச எட்டாயிரத்து ஐந்நூறு

அந்த ஃபைலைக் கவுத்து வச்சுக்கங்கண்ணே. பச்சை அட்டை, மூலையில சிவப்பு முத்திரை. நீங்க பஸ்ஸுல ஏறினதுமே பார்த்துட்டேன். பதினொரு வருஷம் அந்த அட்டையைத்தான் கையில பிடிச்சுக்கிட்டிருந்தேன், எனக்குத் தெரியாதா. மூணாவது மாடியா? பொம்பளைங்க வார்டு. சம்சாரத்துக்கா? கர்ப்பப்பை ஆபரேஷன். ம். நல்லபடியா முடிஞ்சுதுல்ல, அது போதும். பில்லைக் காலையிலேயே கையில குடுத்திருப்பாங்க. கட்டினாத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க.

அப்ப இப்ப எங்க போறீங்கன்னு நான் கேக்க மாட்டேன். நிமிஷத்துக்கு ஒருதரம் சட்டைப் பையைத் தொட்டுப் பாக்கறீங்க. செயினா? மணிக்கூண்டுல இறங்கிக் கடைவீதிக்குள்ள போனா வரிசையா அடகுக் கடைதான். அதுக்கு இன்னும் எட்டு ஸ்டாப் இருக்கு. அதுக்குள்ள ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டுப் போங்க. எனக்கும் யார்கிட்டயாவது சொன்னாத்தான் நெஞ்சு ஆறும். மூணு வாரமா வீட்டுல சொல்லிச் சொல்லி, இப்ப நான் வாயைத் திறந்தாலே என் சம்சாரம் “ஆரம்பிச்சாச்சா”ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குள்ள போயிடறா.

எம்பேரு சேசுராஜ். அந்த ஆஸ்பத்திரியிலதான் ராத்திரி பில்லிங் பாத்தேன். பன்னெண்டாவதுக்கு மேல படிக்கல. கம்ப்யூட்டர் எல்லாம் நானே உக்காந்து தட்டித் தட்டிக் கத்துக்கிட்டது. மறுநாள் வீட்டுக்குப் போறவங்க பில்லையெல்லாம் ராத்திரியே போட்டு வச்சிடணும். விடிஞ்சதும் ஆறு மணியிலேர்ந்து ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க. எட்டு மணிக்குள்ள முக்கால்வாசிப் பேரை அனுப்பிடுவேன். சத்தம் இல்லாம அனுப்புவேன். அதுதான் என்கிட்ட இருந்த திறமை. சத்தமே இருக்காது.

எப்படின்னு கேளுங்க. ஒரு பில்லு நாப்பதாயிரம்னா, அதுல முப்பத்திரண்டுதான் நிஜம். எட்டு, குறைக்கிறதுக்குன்னு வைக்கிறது. மார்ஜின்னு சொல்லுவோம். அப்படிப் பாக்காதீங்கண்ணே, திருட்டு இல்ல. எங்க மேனேஜர் தனசீலன் நான் சேர்ந்த புதுசுலயே சொன்னாரு. “சேசுராஜ், நம்ம ஊரு ஆளு நிஜமான தொகையைக் கட்டினா வயிறெரிஞ்சுக்கிட்டே போவான். அதையே குறைச்சு வாங்கிட்டோம்னு நினைச்சான்னா நம்மளைக் கும்பிட்டுட்டுப் போவான். ஜவுளிக் கடையில நடக்கலையா?” நடக்குதுல்ல? அதுமாதிரிதான். குறைக்கிறதுக்குன்னு ஏத்துறது. ஏத்துனதைக் குறைக்கிறது. கடைசியில எல்லாம் சரியா வந்துடும். யாருக்கு நஷ்டம்?

அதுலயும் ஒரு முறை இருக்கு. வந்து நின்னு “சார், கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்”னு கேப்பாங்க. “என் கையில ஒண்ணும் இல்லைம்மா”ன்னு சொல்லிட்டு வேற பில்லைப் பாக்கணும். ரெண்டாவது தரம் கேப்பாங்க. பெருமூச்சு விடணும். மூணாவது தரம் கேக்கும்போது இண்டர்காமை எடுத்து ஒன்பதை அழுத்தணும். ஒன்பது பழைய எக்ஸ்ரே ரூம். பூட்டிக் கிடக்கு. உள்ள மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். நான் பேசுவேன். “சார், பாவம் சார். கூலிக்காரங்க சார். சரி சார், சரி சார். ஏழு ரூபா குறைக்கட்டுமா சார்?” ஏழுன்னா ஏழாயிரம். போனை வச்சிட்டுப் பேனாவால அந்தத் தொகையை அடிச்சேன்னா, அவங்க முகத்தைப் பாக்கணுமே நீங்க. எத்தனை பேரு என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போயிருக்காங்க. நத்தத்துலேர்ந்து ஒருத்தரு கூடை நிறைய மாம்பழம் கொண்டாந்து குடுத்தாரு.

நான் ஒரு பைசா தொட்டதில்ல. அதைச் சத்தியமாச் சொல்லுவேன். மாசக் கடைசியில, குறைக்காம மிஞ்சின மார்ஜின்ல நூத்துக்கு அஞ்சு இன்சென்டிவ் வரும். அது சம்பளத்தோட கையெழுத்துப் போட்டு வாங்குறது, அது வேற. பெருசா ஒண்ணும் வராது. எல்லாருந்தான் கேட்டுக் குறைச்சிடுவாங்களே. ஆடி மாசம் நானூத்துச் சொச்சம் வந்துச்சு. இந்தச் செருப்பு அதுல வாங்கினதுதான். நல்லா உழைக்குது.

அந்த ஆடி மாசந்தான் அந்தம்மா வந்துச்சு.

அழகம்மான்னு பேரு. அய்யலூர்ப் பக்கம். புருஷன் சவடமுத்து, தக்காளி மார்க்கெட்டுல மூட்டை ஏத்துறவரு. கால்ல ஆணி குத்தியிருக்கு. சக்கரை வியாதி இருக்கறதே தெரியாது. புண்ணு உள்ளுக்குள்ள போயிருச்சு. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்ல? போகல. வேனு ஓட்டுற ஒருத்தன் நேரா இங்க கொண்டாந்து இறக்கிட்டுப் போயிட்டான். அவனுக்கு அதுல ஐந்நூறு கிடைக்கும், அது அவன் பிழைப்பு. காப்பீட்டு அட்டையும் எங்ககிட்ட செல்லாது. அஞ்சு நாள் வச்சிருந்து, புண்ணைச் சுத்தம் பண்ணி, காலைக் காப்பாத்திட்டாங்க. டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பில்லு நான்தான் போட்டேன். நிஜம் முப்பத்தோராயிரத்து இருநூறு. மார்ஜின் எட்டாயிரத்து ஐந்நூறு. கன்ஸ்யூமபிள்ஸ்னு ஒரு வரி வரும், பஞ்சு, கையுறை, ஊசின்னு சில்லறைச் சாமானுக்கு. அதுலதான் வைக்கிறது. யாரும் எண்ணிப் பாக்க முடியாது பாருங்க. ஆக மொத்தம் முப்பத்தொம்பதாயிரத்து எழுநூறு.

காலையில ஆறரை மணிக்கு அந்தம்மா வந்துச்சு. பில்லை நீட்டினேன். வாங்கிப் பார்த்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளு, கடைசித் தொகையை மட்டும் விரலை வச்சுப் படிச்சுச்சு. ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து பணத்தை எடுத்து எண்ண ஆரம்பிச்சிருச்சு.

நான் காத்துக்கிட்டிருக்கேன். கேக்கும், கேக்கும்னு பாக்கறேன். கேக்கல. எண்ணுது. எச்சில் தொட்டு எண்ணுது.

நானாவே கேட்டேண்ணே. மனசாட்சி இருக்கறதாலதான் கேட்டேன். “ஏம்மா, வேற ஏதாச்சும் சொல்லணுமா?”

“என்ன சார் சொல்ல? நல்லாப் பாத்துக்கிட்டீங்க. நர்சம்மா எல்லாம் தங்கம்.”

“இல்ல, தொகை… கட்ட முடியுதுல்ல?”

“அஞ்சு ஆட்டையும் குடுத்தாச்சு சார். அதுக்குத்தானே வளத்தது. சரியா இருக்கான்னு எண்ணிக்கங்க.”

சரியா இருந்துச்சு. ஒரு ரூபா குறையல. நான் எண்ணி முடிக்கிற வரைக்கும் அந்தம்மா கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. நான் என்ன பண்ணட்டும்? ரசீது அடிச்சேன். வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போயிருச்சு. குறைச்சு வாங்கினவங்கதான் கண்ணுல ஒத்திக்குவாங்க. குறைக்காத ரசீதைக் கண்ணுல ஒத்திக்கிட்டது அந்தம்மா ஒண்ணுதான்.

எனக்கு வந்த கோவம் இருக்கே. கேக்கணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. கத்திரிக்காய் கால் கிலோ வாங்கினாக் கூட ரெண்டு ரூபா குறைச்சுக் கேக்கறாங்களா இல்லையா? அஞ்சு ஆட்டை வித்த காசைக் குடுக்கறப்ப வாயைத் திறந்தா என்ன? கேட்டிருந்தா ஒரே ஒரு தரம் கேட்டதுக்கே முழு எட்டாயிரத்து ஐந்நூறையும் அடிச்சிருப்பேன். ஒன்பதைக் கூட அழுத்தியிருக்க மாட்டேன். கூப்பிட்டுக் குடுத்திருக்கலாமேன்னு பாக்கறீங்க. கூப்பிட்டு என்னன்னு சொல்றது? “இந்தாம்மா, இது உனக்குச் சும்மா போட்டது”ன்னா? ரசீது அடிச்சப்புறம் கம்ப்யூட்டர்ல அதுக்கு இடமே கிடையாது. கேட்டாக் குறைக்க இடம் இருக்கு. கேக்காதவங்களுக்குத் திருப்பிக் குடுக்க இடம் இல்ல. அந்த சாஃப்ட்வேரை நானா செஞ்சேன்?

அதோட போச்சுன்னு நினைச்சேன்.

நாப்பது நாள் கழிச்சு, நான் சீட்டுல வந்து உக்கார்றேன், எதிர்ல ஸ்ட்ரெச்சர். சவடமுத்து. முதல்ல நாத்தம் வந்துச்சு, அப்புறந்தான் ஆளைப் பார்த்தேன். கால் கருத்துப் போயிருந்துச்சு. அட்மிஷன் போடறதுக்கு அந்தம்மா என்கிட்டதான் வந்து நின்னுச்சு. நான் கத்தினேன். ஆமா, கத்தினேன். “மூணு நாளைக்கு ஒருதரம் கட்டு மாத்த வரணும்னு எழுதிக் குடுத்தாங்களா இல்லையா? ஒரு தரங்கூட ஏம்மா வரல? படிக்கத் தெரியாட்டி யார்கிட்டயாவது குடுத்துக் கேக்கறதுதானே?”

“வரணும்னுதான் சார் இருந்தோம். எல்லாக் கட்டுக்கும் மாத்திரைக்கும் சேர்த்து எட்டாயிரம் ஆகும்னு நர்சம்மா சொன்னாங்க. இருந்ததை அன்னைக்கே கட்டிட்டோம். உள்ளூரு மெடிக்கல்காரர்கிட்ட கட்டுப் போட்டுக்கிட்டோம் சார். எம்பது ரூபாதான் வாங்கினாரு.”

எட்டாயிரம். அந்தம்மா வேணும்னே சொல்லல. அதுக்கு என்ன தெரியும்? எட்டாயிரம்னு சொல்லிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்குது. நான் கீ போர்டைப் பாத்துக்கிட்டேன்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க.

இப்பச் சொல்லுங்க, இதுக்கு யாரு பொறுப்பு? எட்டாயிரம் வச்சது மேனேஜர் சொல்லி வச்சது. கட்டு மாத்த வராதது அவங்க. மெடிக்கல் கடைக்காரன் எம்பது ரூபாய்க்கு வைத்தியம் பாத்தது அவன் தப்பு. நடுவுல நான் எங்க வர்றேன்? வீட்டுல இதைக் கேட்டா என் சம்சாரம் என் கால்ல கெடக்கற செருப்பைப் பாக்கறா.

சரி. அந்த ரெண்டாவது பில்லைப் போட உக்காந்தேன். ரெண்டு மணி நேரம் அந்த ஒரே பில்லு. பதினொரு வருஷத்துல முதல் தடவையா, மார்ஜின் வைக்காம ஒரு பில்லுப் போட்டேண்ணே. பஞ்சுன்னா பஞ்சு, ஊசின்னா ஊசி, எத்தனையோ அத்தனைதான். நர்ஸ் ரெஜிஸ்டரை எடுத்துட்டு வரச் சொல்லி ஒவ்வொண்ணா எண்ணினேன். அறுபத்து நாலாயிரத்து முந்நூத்தைம்பது. சுத்தமான பில்லு. பிரிண்ட் எடுத்துக் கையில பிடிச்சப்ப எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.

என்ன கேக்கறீங்க? அதுல எட்டாயிரத்து ஐந்நூறைக் கழிச்சுப் போட்டிருக்கலாமேன்னா? எதுலேர்ந்து கழிக்கறது? என் சம்பளத்துலேர்ந்தா? நல்லாக் கேக்கறீங்களே. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க. இனிமே வைக்காம இருந்தேனே, அது பெருசாத் தெரியலையா உங்களுக்கு?

அந்தம்மாவுக்கும் தெரியல. அதைத்தான் சொல்ல வர்றேன்.

காலையில வந்துச்சு. இந்தத் தடவை டப்பாவைத் திறக்கல. பில்லை வாங்கி மேஜை மேல வச்சிட்டு, “சார், கொஞ்சம் பாத்துப் போடுங்க”ன்னுச்சு.

பக்கத்துப் பெட்டுக்காரரோட சம்சாரம் சொல்லிக் குடுத்திருக்கா. வத்தலகுண்டுக்காரி. அவளுக்கு ஒம்பதாயிரம் குறைச்சது நான்தான்.

“இது சரியான பில்லும்மா. இதுல குறைக்க ஒண்ணும் இல்ல.”

“அப்படித்தான் முதல்ல சொல்லுவீங்களாம்.”

“ஏம்மா, நிஜமாச் சொல்றேன். ஒரு ரூபா கூட ஏத்தல.”

“அப்ப மத்தவங்களுக்கு ஏத்துவீங்களா சார்?”

பின்னாடி ஏழெட்டுப் பேரு வரிசையில நிக்கறாங்க. அந்தம்மா குரலை உசத்தல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மெதுவாத்தான் கேட்டுச்சு. “அந்த வத்தலகுண்டு அம்மா காதுல தோடு கெடக்குது, கையில வளையல் கெடக்குது. அவங்களுக்கு ஒம்பதாயிரம் குறைச்சீங்க. எங்கிட்ட என்ன இருக்குன்னு சார் எனக்கு மட்டும் ரெண்டு தரமும் குறைக்கல?”

“போன தரம் நீ கேக்கவே இல்லையேம்மா.” வாயில வந்துருச்சு. சொல்லியிருக்கக் கூடாது.

அந்தம்மா நிமிந்து பாத்துச்சு. “கேட்டிருந்தா?”

நான் வேற பில்லை எடுத்தேன்.

“கேட்டிருந்தா எவ்வளவு சார் குறைச்சிருப்பீங்க?”

எட்டாயிரத்து ஐந்நூறுன்னு சொல்ல முடியுமா? அந்தம்மாவே இண்டர்காமைத் தூக்கி என் பக்கம் நகத்தி வச்சுது. “இந்தப் போனை எடுத்துக் கேளுங்க சார். பாவம் சார், கூலிக்காரங்க சார்னு சொல்லுவீங்களாமே. எனக்காகவும் சொல்லுங்க.”

வரிசையில ஒருத்தன் சிரிச்சான். பதினொரு வருஷத்துல என் கவுண்டர்ல சத்தம் வந்ததில்ல, சிரிப்பும் வந்ததில்ல.

என்ன செஞ்சேன்? ஒன்பதை அழுத்தல. நிஜமாவே மேனேஜருக்குப் போட்டேன். முதல் தடவையா. தனசீலன் சட்டைப் பட்டன் போட்டுக்கிட்டே இறங்கி வந்தாரு. கேட்டாரு. வெளியே கொண்டு போக ஸ்ட்ரெச்சர்ல கெடத்தியிருந்த ஆளோட கட்டுப் போட்ட காலைப் பார்த்தாரு. “அய்யோ பாவம், மூவாயிரம் குறைச்சிடு சேசுராஜ்”னாரு. அவ்வளவுதான். அந்தம்மா அவர் கால்ல விழப் போயிருச்சு. “நீங்க நல்லா இருக்கணும் சார். உங்களை மாதிரி மனுஷங்களும் இருக்கறதாலதான்…”

அவரை. தனசீலனை. மார்ஜின்னு ஒண்ணைக் கண்டுபிடிச்ச ஆளை. வேலை மெனக்கெட்டுச் சுத்தமான பில்லுப் போட்டவன் கவுண்டர்ல உக்காந்திருக்கேன், என்னை ஏறெடுத்துப் பாக்கல. வட்டிக்கு வாங்கின காசைக் கட்டிட்டுப் போறப்ப ரசீதையும் கண்ணுல ஒத்திக்கல. மடிச்சு டப்பாவுக்குள்ள போட்டு மூடிக்கிட்டு, “நல்லாருங்க”ன்னுச்சு. அது எந்த மாதிரி நல்லாருங்கன்னு எனக்குத் தெரியும்.

பத்து மணிக்குத் தனசீலன் ரூமுக்குக் கூப்பிட்டாரு. ஸ்கிரீன்ல அந்தப் பில்லு.

“யோவ், இதுல மார்ஜின் எங்கய்யா?”

“வைக்கல சார்.”

“வைக்கலையா? அப்ப நான் குறைச்ச மூவாயிரம்?”

“நிஜத்துலேர்ந்து போச்சு சார்.”

“ஏன் வைக்கல?”

“போன தரம் அவங்க கேக்காமலே கட்டிட்டாங்க சார். அதான்…”

“கேக்காம கட்டினா அது நமக்கு லாபம். நீ என்ன, கோயில்ல அன்னதானமா போடறே? இப்பப் பாரு, அவங்க கேட்டப்பக் குடுக்க ஒண்ணுமில்லாம வரிசைக்கு முன்னால ஆஸ்பத்திரி மானம் போச்சு. உனக்குத் தலையில என்னமோ ஆயிருச்சு சேசுராஜ்.”

அந்த மூவாயிரத்தை என் சம்பளத்துல பிடிச்சாரு. ஒரு வாரம் இருந்து, ரகுபதின்னு புதுசா வந்தவனுக்கு வேலையைச் சொல்லிக் குடுத்துட்டுக் கிளம்புன்னாரு. சொல்லிக் குடுத்தேன். நல்லாத்தான் சொல்லிக் குடுத்தேன். எனக்குத் தெரிஞ்சதை அரைகுறையாச் சொல்லிக் குடுக்கற பழக்கம் எனக்கு இல்ல. ஒன்பதாம் நம்பரைக் கூடக் காட்டிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்.

பதினொரு வருஷம் பொய்யா ஏத்தினேன், கையெடுத்துக் கும்பிட்டாங்க. ஒரே ஒரு பில்லு நிஜமாப் போட்டேன், வேலை போச்சு. யார்மேல கோவப்படறதுன்னே தெரியலண்ணே. முதல் தடவையே அந்தம்மா கேட்டிருந்தா, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்தாளுக்குக் காலும் இருக்கும், எனக்கு வேலையும் இருக்கும். இல்லையா?

இல்லையா?

நீங்க ஜன்னலைப் பாக்கறீங்க. சரி விடுங்க. இப்ப பைபாஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில ஆள் கேட்டிருக்காங்க, அங்கதான் போறேன். நேத்து போன்ல கேட்ட முதல் கேள்வியே, “மார்ஜின் வைக்கத் தெரியுமா?” தெரியும்னேன். பதினொரு வருஷ அனுபவம்னேன். வேற என்னத்தைச் சொல்லட்டும்?

அந்தப் பில்லைக் காட்டுங்க. அட, காட்டுங்கண்ணே, தின்னுட மாட்டேன். ஆபரேஷன் தியேட்டர், சரி. ரூம் வாடகை, சரி. இந்தா. இந்த வரி. கன்ஸ்யூமபிள்ஸ், பதினஞ்சாயிரத்து எண்ணூறு. அடப்பாவி. நான் எட்டு, மிஞ்சிப் போனா ஒம்பதுக்கு மேல வச்சதில்ல. அதுக்குள்ள அந்த ரகுபதிப் பய எங்க போயிட்டான் பாருங்க.

இதுல நிஜம் எவ்வளவுன்னா கேக்கறீங்க? அதை நான் சொல்லக் கூடாதுண்ணே. சொல்ல மாட்டேன். பதினொரு வருஷம் உப்பைத் தின்னிருக்கேன், தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கு. கூடவும் வர மாட்டேன். இன்னிக்குத்தான் புது இடத்துல முகத்தைக் காட்டணும்.

ஆனா செயினை வச்சிடாதீங்க. அடுத்த ஸ்டாப்புலயே இறங்குங்க. எதிர்ப்பக்கம் நின்னா ஏழாம் நம்பர் வரும். போய் வரிசையில நில்லுங்க. கொஞ்சம் பாத்துப் போடுங்கன்னு கேளுங்க. முடியாதும்பான். போயிடாதீங்க. மறுபடி கேளுங்க. பெருமூச்சு விடுவான். மூணாவது தரம் கேளுங்க. போனை எடுப்பான். எடுத்துட்டான்னா முடிஞ்சுது.

ஒண்ணு மட்டும். இந்த வரியைக் காட்டி இது தப்புன்னு சொல்லிடாதீங்க. கெஞ்சிக் கேளுங்க, குறைப்பான். தப்புன்னு சொன்னா ஒரு ரூபா குறைக்க மாட்டான். கோவம் வந்துடும்ணே. எனக்கே வரும்.